வாசகர் கேள்வி - பதில்: தேய்வது யார்?

போன இதழில் ஒரு வாசகர், ‘உக்ரைன் போர் ஏன் முடியவே மாட்டேன் என்கிறது?’ என்று கேட்டிருந்தார். இடம் இல்லாததால், ‘அது தேய்மானப் போர், அடுத்தவன் முதலில் களைத்துப் போகட்டும் என்று இரண்டு பக்கமும் காத்திருக்கிறார்கள்’ என்று இரண்டு வரியில் முடித்துவிட்டேன். முடித்திருக்கக் கூடாது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நம் ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, புழல் பக்கத்திலிருந்து, அதுவும் சும்மா பொதுஅறிவுக்காகக் கேட்டவை இல்லை. அதனால் இந்த இதழ் முழுக்க இந்த ஒரே விஷயம். சினிமா, அரசியல் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேய்மானப் போர் என்றால் சரியாக என்ன சார்? ஒரு சின்ன ஊரைப் பிடிக்க ஒரு வருஷம் சண்டை போடுவது எனக்கு முட்டாள்தனமாகத் தெரிகிறது. இவ்வளவு படித்த தளபதிகள் ஏன் அதைச் செய்கிறார்கள்?
*கல்லூரி மாணவி, தண்டையார்பேட்டை*

அந்த ஊர் அவர்களுக்கு முக்கியமே இல்லை என்று வைத்துப் பாரும்மா, கணக்கு புரியும். எதிரி விட்டுக்கொடுக்க முடியாத ஓர் இடமாகப் பார்த்துத் தாக்க வேண்டும். அவன் அதைக் காப்பாற்ற ஆளை அனுப்பிக்கொண்டே இருப்பான். வருகிறவர்களைப் பீரங்கியால் அடித்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் அவனிடம் ஆள் தீரும், குண்டு தீரும், இல்லை மனசு விட்டுப் போகும். இதுதான் மொத்தத் திட்டமும். தேய்மானத்தை ஆங்கிலத்தில் அட்ரிஷன் என்கிறார்கள், அந்தச் சொல்லுக்கு லத்தீனில் மூலப் பொருளே ஒன்றோடொன்று உரசுவது. நம் வீட்டு அம்மியை நினைத்துக்கொள், குழவியும் தேயும், அம்மியும் தேயும்.

இதற்கு எல்லோரும் காட்டுகிற உதாரணம் முதல் உலகப் போரில் நடந்த வெர்டுன் சண்டை. 1916 பிப்ரவரி 21 அன்று ஜெர்மனி அந்தப் பிரெஞ்சுக் கோட்டை நகரைத் தாக்கியது, சண்டை டிசம்பர் 18 வரை போனது, ஏறக்குறைய 300 நாள். பிரான்சை ரத்தம் வடியவைத்துச் சாகடிப்பதுதான் தன் நோக்கமாக இருந்தது என்று ஜெர்மன் தளபதி ஃபால்கன்ஹைன் போருக்குப் பிறகு எழுதினார். அதற்கு ஆதாரமாக அவர் சொன்ன கடிதத்தின் மூலப் பிரதி கிடைக்கவே இல்லை. ஊரைப் பிடிக்க முடியாமல் போனதை மறைக்க அவர் பிற்பாடு சொன்ன விளக்கம் அது என்று நினைக்கும் வரலாற்று ஆய்வாளர்கள் நிறையப் பேர் உண்டு. எனக்கு இந்தச் சந்தேகம் ரொம்ப முக்கியமாகப் படுகிறது. திட்டம் போட்டுத் தேய்த்தார்களா, இல்லை திட்டம் தோற்றபிறகு ‘தேய்ப்பதுதான் திட்டம்’ என்றார்களா? இரண்டாவதுதான் பல போர்களில் நடந்திருக்கிறது. வேகமாக ஜெயித்துவிடலாம் என்று நம்பித்தான் எல்லோரும் இறங்குகிறார்கள், 1914-ல் ஐரோப்பா அப்படித்தான் இறங்கியது, 2022 பிப்ரவரியில் ரஷ்யாவும் கீவ் நகரம் சில நாளில் விழுந்துவிடும் என்று நம்பித்தான் இறங்கியது. நடக்காதபோது பின்வாங்க வெட்கப்பட்டு அங்கேயே உட்கார்ந்து அடிப்பார்கள்.

வெர்டுனில் இரண்டு பக்கமும் சேர்த்துச் செத்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். ஃபால்கன்ஹைன் கணக்குப்படி பிரான்ஸ் மட்டும் தேய்ந்திருக்க வேண்டும். ஜெர்மனியும் கிட்டத்தட்ட அதே அளவு தேய்ந்தது.

வணக்கம் அண்ணே. நான் பாக்சிங் கத்துக்குறேன். ‘முகத்துக்குப் போகாதே, உடம்பில் அடி, கை தானா இறங்கும், கடைசி ரவுண்டில் அவன் உன்னோடவன்’ என்று மாஸ்டர் சொல்வார். நீங்கள் எழுதியதும் இதுவும் ஒன்றுதானே?
*வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி*

திட்டம் ஒன்றுதான் தம்பி. விலாவில் விழுகிற ஒவ்வொரு குத்தும் அந்த நேரத்தில் பெரிதாகத் தெரியாது, மூன்றாவது ரவுண்டில் மூச்சு வாங்கும்போதுதான் தெரியும். போரிலும் ஒரு பாலம், ஒரு எண்ணெய்க் கிடங்கு, ஒரு பட்டாளம் என்று போய்க்கொண்டே இருக்கும், ஒரு நாள் திடீரென்று மொத்தமும் தளரும். 1918-ல் ஜெர்மனி அப்படித்தான் விழுந்தது. மார்ச்சில் பிரான்சுக்குள் வேகமாக முன்னேறிக்கொண்டிருந்த படை, நவம்பரில் சண்டை நிறுத்தத்துக்குக் கையெழுத்துப் போட்டது.

ஆனால் ஒரு விஷயத்தை உன் மாஸ்டரிடமே கேட்டுப் பார். ரிங்கில் அடி வாங்குகிற உடம்பும், ‘தாங்க முடியும், இன்னும் ஒரு ரவுண்டு போகலாம்’ என்று முடிவெடுக்கிற மூளையும் ஒரே ஆளுடையது. வலி நேராக மூளைக்குப் போகிறது. முடியாவிட்டால் மூலையில் நிற்கிற மாஸ்டர் துண்டை வீசலாம், ரெஃப்ரி கையைக் குறுக்கே நீட்டலாம். போரில் அடி வாங்குவது பத்தொன்பது வயசுப் பையன், தாங்கலாமா கூடாதா என்று முடிவெடுப்பது பல நூறு கிலோமீட்டர் தள்ளி ஓர் அறையில் வரைபடத்தின் முன்னால் இருக்கிறவர். அவருக்கு வலி ஒரு எண்ணாகத்தான் போய்ச் சேரும், அதுவும் அடுத்த நாள் காலையில், அதுவும் யாரோ ஒருவர் கொஞ்சம் குறைத்து எழுதியபிறகு.

1916 ஜூலை 1, பிரான்சில் சோம் நதிக்கரை. ஒரு வாரமாக 15 லட்சம் குண்டுகளைப் பொழிந்துவிட்டோம், எதிரே உயிரோடு யாரும் இருக்க மாட்டார்கள் என்று சொல்லித்தான் பிரிட்டிஷ் பையன்களைப் பதுங்குகுழியிலிருந்து ஏற்றிவிட்டார்கள். ஜெர்மன்காரர்கள் ஆழமான நிலவறைகளில் உயிரோடு இருந்தார்கள், இயந்திரத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார்கள். அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் செத்தவர்கள் 19,240 பேர், காயம்பட்டவர்களையும் காணாமல் போனவர்களையும் சேர்த்தால் 57,470. இவர்களில் பலர் ‘நண்பர் பட்டாளங்களை’ச் சேர்ந்தவர்கள். ஒரே ஊரில், ஒரே மில்லில் வேலை பார்க்கிறவர்கள் சேர்ந்து பேர் கொடுத்தால் ஒரே அணியில் போடுகிறோம் என்று ஆள் சேர்த்திருந்தார்கள். அக்ரிங்டன் என்ற நெசவாலை ஊரின் பட்டாளத்தில் அன்று காலை கிளம்பிய ஏறக்குறைய 700 பேரில் 580-க்கும் மேற்பட்டவர்கள் அரை மணி நேரத்துக்குள் செத்தார்கள் அல்லது காயப்பட்டு விழுந்தார்கள். பட்டாளம், ஓட்டேரி, புளியந்தோப்பு என்று மில்லை நம்பி வளர்ந்த நம் பேட்டைகளை நினைத்துப் பார், ஒரு தெருவில் வீட்டுக்கு வீடு தபால் வந்தால் எப்படி இருந்திருக்கும்.

அதற்கப்புறமும் அந்தச் சண்டை நவம்பர் 18 வரை நிறுத்தப்படவில்லை.

துறைமுகத்தில் சரக்கை எண்ணிக் குறிக்கிற டாலி கிளார்க்காக 31 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். என் அனுபவத்தில் சரக்கு வராவிட்டால் எந்தப் பெரிய கம்பெனியும் ஒரு மாதம் தாங்காது. போரிலும் ஜெயிப்பது வீரமா, சரக்கா?
*ராயபுரம் வாசகர்*

சரக்குதான் ஐயா, நீங்கள் வாழ்நாள் முழுக்க எண்ணியதைத்தான் போர் நடத்துகிறவர்களும் எண்ணுகிறார்கள். வெர்டுனைப் பிரான்ஸ் காப்பாற்றியது ஒரே ஒரு சாலையால். பார்-லெ-டுக் என்ற ஊரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர், நெருக்கடியான நாட்களில் பதினான்கு வினாடிக்கு ஒரு லாரி என்ற கணக்கில் இரவும் பகலும் ஓடின. சாலை குழியானால் லாரியை நிறுத்த மாட்டார்கள், ஓரத்தில் நிற்கும் ஆட்கள் சக்கரத்துக்கு அடியில் ஜல்லியை அள்ளிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள்.

இன்றைக்கு வாருங்கள். உக்ரைன் போருக்கு முன்னால் அமெரிக்கா மாதத்துக்குச் செய்துகொண்டிருந்த 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டு சுமார் 14,000. நான் மேலே சொன்ன சோம் நதிக்கரையின் அந்த ஒரு வாரத்துக் குண்டுகளை (எல்லா அளவும் சேர்த்துத்தான், இருந்தாலும்) அந்த வேகத்தில் செய்ய ஏறக்குறைய ஒன்பது வருஷம் ஆகியிருக்கும். ஒரு வருஷத்தில் 10 லட்சம் குண்டு தருகிறோம் என்று ஐரோப்பிய யூனியன் 2023 மார்ச்சில் வாக்குக் கொடுத்தது, 2024 மார்ச்சுக்குள் அதைக் கொடுக்க முடியவில்லை. உலகத்தின் பணக்கார நாடுகளிடம் காசு இருந்தது, ஆலை இல்லை, வெடிமருந்து இல்லை, கடைசல் பிடிக்கத் தெரிந்த தொழிலாளி இல்லை. இந்த வகைப் போர் முதலில் காட்டிக்கொடுப்பது இதைத்தான்.

எதிரியின் சரக்கை நிறுத்துவது இதன் மறுபக்கம், அதை நம் ஊரே ஒரு ராத்திரி பார்த்திருக்கிறது. 1914 செப்டம்பர் 22 அன்று இரவு ‘எம்டன்’ என்ற ஜெர்மன் கப்பல் நம் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் போட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அரை மணி நேரம்தான், கப்பல் போய்விட்டது. அதன் கேப்டன் முல்லருக்குச் சென்னையைப் பிடிக்கும் எண்ணமே கிடையாது. எண்ணெய் எரிய வேண்டும், வங்கக் கடலில் கப்பல் விடப் பயப்பட வேண்டும், இன்ஷூரன்ஸ் கட்டணம் ஏற வேண்டும், அவ்வளவுதான் வேலை. இரண்டு மாதத்தில் 20-க்கும் மேற்பட்ட சரக்குக் கப்பல்களை அது மடக்கியது. என் பாட்டி, சொல்பேச்சுக் கேட்காத பிள்ளையை ‘எம்டன்’ என்றுதான் கூப்பிடுவார், உங்கள் வீட்டிலும் கூப்பிட்டிருப்பார்கள். அந்த ராத்திரிக்கு மறுநாள் முத்தியால்பேட்டையிலிருந்து மாட்டுவண்டி பிடித்து ஊரை விட்டுப் போனவர்கள் பற்றித் தன் அம்மா சொன்னதையும் பாட்டி சொல்லுவார். வண்டிக்காரன் கேட்ட கூலி கொடுக்க முடியாதவர்கள் நடந்து போனார்களாம்.

ஜெர்மனி இப்படி அங்கங்கே செய்ததைப் பிரிட்டன் முழு வேகத்தில் ஜெர்மனிக்கே செய்தது. கடலை மொத்தமாக அடைத்தது. 1916-17 குளிர்காலத்தில் ஜெர்மனியில் உருளைக்கிழங்கும் இல்லாமல், மாட்டுக்குப் போடுகிற ஒருவகைக் கிழங்கைத் தின்றுதான் ஜனங்கள் உயிர் பிழைத்தார்கள். அந்தக் கடல் முற்றுகையால் ஊட்டமில்லாமலும் நோயிலும் செத்த பொதுமக்கள் 4 லட்சத்துக்குக் குறையாது என்று கணக்கிடுகிறார்கள், ஏழரை லட்சம் வரை சொல்பவர்களும் உண்டு. துப்பாக்கியே தொடாதவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், வயதானவர்கள். சரக்கை நிறுத்தினால் கம்பெனி ஒரு மாதம் தாங்காது என்றீர்கள் ஐயா. ஊரின் சரக்கை நிறுத்தும்போது முதலில் மூடுவது பால் குடிக்கிற பிள்ளையின் வாய்.

தமிழாசிரியையாக இருக்கிறேன். சங்க காலத்திலும் முற்றுகை உண்டே, உழிஞை, நொச்சி என்று திணையே வைத்திருக்கிறோம். நம் புலவர்கள் அதைப் புகழ்ந்துதானே பாடினார்கள்?
*பெரம்பூர் வாசகி*

எல்லோரும் இல்லை டீச்சர், கோவூர் கிழாரை மறந்துவிடக் கூடாது. ஆவூர்க் கோட்டையை நலங்கிள்ளி முற்றுகையிட்டான். உள்ளே கதவடைத்துக்கொண்டு இருந்தவன் நெடுங்கிள்ளி. இருவரும் சோழர்கள். உள்ளே யானைக்குக் கவளம் இல்லை, பாலில்லாமல் குழந்தை அலறுகிறது, பெண்கள் பூவில்லாத தலையை முடிந்துகொள்கிறார்கள், தண்ணீர் இல்லாத வீடுகளில் அழுகைச் சத்தம். இதையெல்லாம் ராஜாவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அறம் உள்ளவன் என்றால் ‘இது உன்னுடையது’ என்று கதவைத் திற, வீரம் உள்ளவன் என்றால் சண்டைக்குத் திற, இரண்டும் செய்யாமல் மதிலுக்குள் ஒளிந்திருப்பது வெட்கம் என்கிறார், புறநானூற்றின் 44-வது பாட்டில். 45-வது பாட்டில், இருவர் மாலையும் ஆத்திதான், யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி, இருவரும் ஜெயிப்பது இயற்கையில் கிடையாது என்கிறார்.

தளபதியின் அறைக்குள் எண்ணாகப் போகிற வலியை, எண் இல்லாமல் அழுகைச் சத்தமாகவே கொண்டுபோய்ச் சேர்த்தார் பாருங்கள், எனக்கு அதுதான் பெரிய விஷயம். வகுப்பில் அந்தப் பாட்டை நடத்தும்போது இன்றைய செய்தித்தாளையும் பக்கத்தில் வைத்து நடத்துங்கள்.

எங்கள் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். சோப்பு இல்லாமல், மண்ணெண்ணெய் இல்லாமல், டார்ச்சுக்கு பேட்டரி இல்லாமல் இருந்த வருடங்களைச் சொல்லிக்கொண்டே இருப்பார். நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். ‘அப்ப எங்களுக்குச் செய்ததும் இதுதானோ எண்டு கேள்’ என்றார்.
*புழல் முகாமிலிருந்து ஒரு வாசகி*

அம்மாவிடம் ஆமாம் என்று சொல்லுங்கள். 1990-ல் மறுபடி போர் மூண்டதிலிருந்து இலங்கை அரசு வடக்குக்குப் போட்ட தடைப்பட்டியலில் எரிபொருள், பேட்டரி, சிமென்ட், உரம் எல்லாம் இருந்தன. புலிகளுக்குப் போய்விடக் கூடாது என்று காரணம் சொன்னார்கள். போகாமல் நின்றதோ உங்கள் அம்மாவின் அடுப்புக்கும் விளக்குக்கும்.

கடைசிக் கட்டத்தில் அது இன்னும் திட்டமாக நடந்தது. அரசு ஆயிரக்கணக்கில் புது ஆட்களைப் படையில் சேர்த்தது, 2007-ல் புலிகளின் ஆயுதக் கப்பல்களை நடுக்கடலில் மூழ்கடித்தது, அப்புறம் பல முனைகளில் ஒரே நேரத்தில் நெருக்கியது. இழக்கிற ஆளுக்குப் பதில் ஆள் போட ஒரு பக்கத்தால் முடிந்தது, மறுபக்கத்தால் முடியவில்லை. முடியாதவர்கள் வீட்டுக்கு ஒருவர் என்று கட்டாயமாகப் பிள்ளைகளைப் பிடித்துப் போனார்கள், பதினெட்டு ஆகாத பிள்ளைகளையும். வெளியேற நினைத்த சனங்களைத் தடுத்தார்கள், சுட்டார்கள். அரசு, ‘இங்கே வாருங்கள், இங்கே சுட மாட்டோம்’ என்று தானே அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்குள் குண்டு போட்டது, மருத்துவமனை மேலும் போட்டது. இந்த இரண்டையும் ஐ.நா. பொதுச்செயலாளர் நியமித்த நிபுணர் குழு 2011-ல் எழுதிவைத்திருக்கிறது. கடைசி மாதங்களில் பொதுமக்கள் 40,000 பேர் வரை செத்திருக்கலாம் என்றும் அதில் இருக்கிறது.

அந்த அறிக்கையில் எனக்கு மறக்காத இடம் வேறு. உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற எண்ணையே அரசு வேண்டுமென்று குறைத்துச் சொன்னது, குறைந்த எண்ணுக்குத் தகுந்த உணவும் மருந்தும்தான் உள்ளே போனது என்கிறது. பல்லாயிரம் என்று சொல்லப்பட்ட இடத்திலிருந்து கடைசியில் வெளியே வந்து முகாமுக்குப் போனவர்களே மூன்று லட்சத்துக்குப் பக்கம். எண்ணாமல் விடுவதும் ஓர் ஆயுதமாக இருந்திருக்கிறது.

மே மாதத்தில் நீங்கள், அந்தப் போர் முடிந்த இடத்தின் நினைவாக, முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுவீர்கள் என்று நினைக்கிறேன். உப்பும் அரிசியும் தண்ணீரும் மட்டும். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

எத்தனை பேரைக் கொன்றோம் என்று எண்ணிப் பார்த்தால் யார் ஜெயிக்கிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியாதா?
*போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வாசகர், கொருக்குப்பேட்டை*

முடியும் என்று நம்பிய ஆள் அமெரிக்கத் தளபதி வெஸ்ட்மோர்லண்ட். வியட்நாமில் எதிரி புதிதாகச் சேர்க்கும் ஆளைவிட நாம் கொல்லும் ஆள் அதிகமாகிற ஒரு புள்ளி வரும், அன்று முதல் ஜெயம் நம்முடையது என்று கணக்கிட்டார். பிண எண்ணிக்கை கூடக் கூட அதிகாரிகளுக்குப் பதவி உயர்வு வாய்ப்பு. அப்புறம் என்ன ஆகும், வயலில் செத்துக் கிடந்த விவசாயியும் ‘எதிரி’ என்று கணக்கில் ஏறினார். எண் ஏறிக்கொண்டே இருந்தது, 1968 ஜனவரி கடைசியில் தேய்ந்துபோனதாகச் சொல்லப்பட்ட அந்த எதிரி தெற்கு வியட்நாம் முழுக்க நகரங்களைத் தாக்கினான். அமெரிக்கர்கள் 58,000-க்கும் மேல் செத்தார்கள். வியட்நாம் அரசு 1995-ல் சொன்ன கணக்கில் தங்கள் தரப்புப் போராளிகள் 11 லட்சம், பொதுமக்கள் கிட்டத்தட்ட 20 லட்சம். குறைவாக இழந்தவர்கள்தான் கிளம்பிப் போனார்கள். ஒரு ஜனம் எவ்வளவு தாங்கும் என்பதைக் கணக்குப் போட இன்றுவரை யாராலும் முடியவில்லை.

தேர்வுக்குப் படிக்கிறீர்கள், இதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஈரான் - இராக் போர், 1980 செப்டம்பர் 22 முதல் 1988 ஆகஸ்ட் 20 வரை. எட்டு வருஷம், பல லட்சம் பிணங்கள், விஷவாயு, பள்ளிக்கூடப் பையன்கள் கண்ணிவெடி வயலில். எல்லை நகரவில்லை. இராக்கின் சதாம் உசேன் எந்த 1975 எல்லை ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டுப் போரை ஆரம்பித்தாரோ, 1990-ல் குவைத்தைப் பிடித்த கையோடு அதே ஒப்பந்தத்தை ஒரு கடிதத்தில் ஏற்றுக்கொண்டார்.

என் தம்பி மகனுக்கு வயசு 24. ரஷ்யாவில் பட்டாளத்து கேன்டீனில் ஹெல்பர் வேலை, மாசம் இரண்டு லட்சம், சண்டைக்கெல்லாம் அனுப்ப மாட்டோம் என்று ஏஜென்ட் சொல்கிறார். வீட்டுக் கடன் இருக்கு. அனுப்பலாமா?
*திருவொற்றியூரிலிருந்து ஒரு அக்கா*

அனுப்பாதீர்கள் அக்கா. பணம் கொடுத்திருந்தால் போகட்டும், பையன் வேண்டும். இந்தக் கடிதம் வந்த அன்றே உங்களுக்குத் தனியாகவும் எழுதிவிட்டேன், மற்ற வீடுகளுக்காக இங்கேயும் சொல்கிறேன்.

ஏன் என்று சொல்கிறேன். இந்த மாதிரிப் போருக்கு ஆள் தீர்ந்துகொண்டே இருக்கும். சொந்த ஊரின் பெரிய நகரங்களிலிருந்து பிடித்தால் ஜனங்கள் கேள்வி கேட்பார்கள், அதனால் முதலில் கேள்வி கேட்க ஆள் இல்லாதவர்களாகப் பார்த்து எடுப்பார்கள். ரஷ்யாவில் சிறைக் கைதிகளுக்கு, ‘ஆறு மாதம் சண்டை போடு, விடுதலை’ என்றார்கள். உக்ரைனில் பாக்முத் என்ற ஊர், போருக்கு முன் 70,000 பேர் வாழ்ந்த இடம், நம் திருவொற்றியூரைவிடச் சின்னது. அதைப் பிடிப்பதில் தன் ஆட்கள் 20,000 பேர் செத்தார்கள், அதில் பாதி கைதிகள் என்று வாக்னர் என்ற ரஷ்யக் கூலிப்படையின் தலைவர் பிரிகோஷினே 2023 மே மாதம் வெளிப்படையாகச் சொன்னார். அப்புறம் ஏழை மாகாணங்களில் பெரிய தொகை கையில் கொடுத்து ஒப்பந்தம். அதற்கப்புறம் வெளிநாட்டுக்காரர்கள். அந்த வரிசையில்தான் நம் பையன்கள் வருகிறார்கள். ரஷ்யப் படையில் சேர்க்கப்பட்ட இந்தியர்கள் 126 பேர், அதில் 12 பேர் செத்துவிட்டார்கள், 16 பேரைக் காணவில்லை என்று நம் வெளியுறவு அமைச்சகமே 2025 ஜனவரியில் சொன்னது. ஹெல்பர் வேலை, செக்யூரிட்டி வேலை என்றுதான் இவர்களில் பலரிடமும் சொல்லியிருந்தார்கள். கையெழுத்து வாங்குகிற காகிதம் ரஷ்ய மொழியில் இருக்கும்.

வெளிநாட்டு வேலைதான் வழி என்றால், ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் பாருங்கள். குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது, தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையிலும் கேட்கலாம். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னாலே எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே யாராவது போய் மாட்டியிருந்தால் வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) தளத்தில் புகார் பதியலாம், மாஸ்கோவில் இருக்கும் நம் தூதரகத்துக்குப் போகும். கடன் விஷயத்தை நேரில் பேசுவோம்.

அப்படியானால் உக்ரைன் சண்டையை நிறுத்திவிட்டு நிலத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்கிறீர்களா? அடிக்கிறவனும் அடி வாங்குகிறவனும் உங்களுக்கு ஒன்றா?
*எர்ணாவூர் வாசகர், கோபமாக*

ஒன்று இல்லை. உங்கள் கோபம் நியாயமானது. வீட்டுக்குள் புகுந்தவனைத் தடுக்கிறவனுக்கு, ‘இவ்வளவு நேரம் சண்டை போடாதே’ என்று தெருவில் நின்று புத்தி சொல்ல எனக்கு உரிமை இல்லை. இந்த வகைப் போரை அவன் தேர்ந்தெடுக்கவில்லை, அவன் மேல் போடப்பட்டது.

ஆனாலும் தன் ஆளைத் தலைவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்கலாம், அந்த நாட்டு ஜனங்களே கேட்கிறார்கள். வெர்டுனில் பிரெஞ்சுத் தளபதி பெத்தான் ஒரு காரியம் செய்தார். படைப்பிரிவுகளைக் கிணற்று ஏற்றம் மாதிரிச் சுழற்றினார். சில நாள் முன்னணியில், பிறகு ஓய்வுக்குப் பின்னால், வேறு பிரிவு முன்னால். பிரெஞ்சுப் படையில் பெரும்பகுதி வெர்டுனை மிதித்துவிட்டு வந்தது, ஆனால் ஒருவனே சாகும்வரை அங்கே கிடக்கவில்லை. அடுத்த வருஷம் வேறொரு தளபதி வந்து பயனில்லாத தாக்குதல்களுக்கு மேல் தாக்குதலாக அனுப்பியபோது ஏறக்குறைய பாதி டிவிஷன்களில் சிப்பாய்கள் மறுத்தார்கள். குழியைக் காப்போம், ஓடிப்போக மாட்டோம், வீணாகச் சாக ஏற மாட்டோம் என்றார்கள். 1917-ல் அந்தப் படையைத் திரும்ப நிமிர்த்தியதும் பெத்தான்தான், சிலரைச் சுட்டுக் கொன்றும், மற்றவர்களுக்கு விடுப்பும் நல்ல சாப்பாடும் கொடுத்தும். (இதே மனிதர் 1940-ல் ஹிட்லரோடு சேர்ந்து பிரான்சை ஆண்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

உக்ரைன் 2024 ஏப்ரலில் கட்டாயப் படைச் சேர்ப்பு வயதை 27-லிருந்து 25 ஆகக் குறைத்தது. அதே மாதம் கொண்டுவந்த சட்டத்தில், 36 மாதம் களத்தில் இருந்தவரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று முதலில் எழுதியிருந்த பிரிவைக் கடைசி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னாலிருந்தே கீவ் நகரத்தில் சிப்பாய்களின் மனைவிகள் அட்டை பிடித்து நின்றிருக்கிறார்கள். சரணடையச் சொல்லி அவர்கள் நிற்கவில்லை. என் புருஷன் எப்போது வருவான் என்று தேதி கேட்டு நின்றார்கள். ஒரு நாட்டைக் காப்பாற்றப் போனவனுக்குத் திரும்பி வரும் தேதி இருக்க வேண்டும் என்பதில் நான் அந்தப் பெண்கள் பக்கம்.

போர்க் கணக்கில் ‘செத்தவர், காயம்பட்டவர்’ என்பதோடு ‘காணாமல் போனவர்’ என்று தனியாக ஏன் எழுதுகிறார்கள்? என் வீட்டுக்காரர் போன படகு திரும்பி வந்து நாலு வருஷம் ஆகிறது, அவர் இல்லாமல். அதனால் கேட்கிறேன்.
*காசிமேட்டிலிருந்து ஒரு தங்கச்சி*

உடம்பு கிடைக்காதவர்களை அப்படி எழுதுகிறார்கள் அம்மா. ஒரே மண்ணை மாதக்கணக்கில் பீரங்கி உழும்போது புதைத்ததும் மறுபடி சிதறிப் போகும். வெர்டுன் பக்கத்தில் டுவமோன் என்ற இடத்தில் ஒரு எலும்பு மண்டபம் கட்டியிருக்கிறார்கள், பேர் தெரியாத 1,30,000 பேரின் எலும்புகள், பிரெஞ்சுக்காரன் எது ஜெர்மன்காரன் எது என்று பிரிக்க முடியாமல் ஒன்றாக. பிரான்சில் நவ் ஷப்பேல் என்ற ஊரில் நம் இந்தியச் சிப்பாய்கள், கூலியாட்கள் 4,700-க்கும் மேற்பட்டவர்களின் பேரைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள், கல்லறை இன்னதென்று தெரியாதவர்கள். முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து போனவர்கள் 13 லட்சத்துக்கும் மேல், செத்தவர்கள் சுமார் 74,000. நேப்பியர் பாலத்துக்குப் பக்கத்தில் போர் நினைவுச் சின்னம் இருக்கிறதே, அது முதலில் அவர்களுக்காகக் கட்டியதுதான்.

இலங்கையில் கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியிலிருந்து அம்மாமார்கள் ரோட்டோரத்தில், போரில் காணாமல் போன பிள்ளைகளின் போட்டோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இழப்பீடு தருகிறோம், சாவுச் சான்றிதழ் தருகிறோம் என்றால் பலர் வாங்க மாட்டேன் என்கிறார்கள். எங்கே என்று சொல், அப்புறம் தா என்கிறார்கள். அவர்களில் எத்தனையோ பேர் பதில் கிடைக்காமலே செத்தும் போய்விட்டார்கள். உங்களுக்கு அவர்களைப் புரியும், எனக்கு நீங்கள் சொல்லித்தான் கொஞ்சம் புரிகிறது.

கடிதத்தின் பின்பக்கத்தில் நீங்கள் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஏழு வருஷம் தகவல் இல்லாவிட்டால் இறந்தவராகக் கருதலாம் என்பது பொதுச் சட்டம். அதற்கு நடுவில் பிள்ளையின் பள்ளிக்கூட உதவிக்கும் நிவாரணத்துக்கும் மீன்வளத் துறையில் மனு கொடுக்கலாம். காணாமல் போன அன்று போலீசில் பதிந்த எஃப்.ஐ.ஆர். நகல், அவருடைய மீனவர் நலவாரிய அட்டை, படகின் பதிவுச் சான்று, கூடப் போனவர்கள் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். நகல் போடுகிறவர்கள் அசலைத் திருப்பித் தந்தார்களா என்று பார்த்து வாங்குங்கள். மனு எழுத ஆள் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். வரும் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருகிறேன், உட்கார்ந்து எழுதிவிடலாம்.